பதினாலாம் நம்பர் சிவப்பு அம்பு

தனகோடி விண்வெளி நிலையத்தின் மீது ஸ்டிக்கர் ஒட்டியது ஒரு புதன்கிழமை, விடியற்காலை ஐந்து பதினேழுக்கு. மாதனூர் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த பதினோரு பேர் அதைப் பார்த்தார்கள். பஸ் ஐந்து இருபத்தைந்துக்கு வந்தது. எல்லாரும் ஏறினார்கள். ஜன்னல் சீட்டுக்கு வழக்கமான சண்டை நடந்தது.

தனகோடிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவளுடைய அம்மா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் வெந்தவள். தனகோடி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை போடும் வரிசையில் பதினோரு வருஷம் நின்றவள். அதற்குப் பிறகுதான் செக்கிங் மேஜையும் அதற்கு ஒரு ஸ்டூலும் கிடைத்தன. அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். மேஜைமேல் ஒரு டியூப்லைட், பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். ஒவ்வொரு அம்பிலும் அவளுடைய நம்பர், பதினாலு, அச்சடித்திருக்கும். தையல் விட்ட இடத்திலோ பசை வழிந்த இடத்திலோ அம்பை ஒட்டினால் ஷூ திரும்பிப் போகும். ஒட்டிய நம்பர்தான் உரிக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். குறை சரியாகி, ஒட்டியவள் பார்த்து, தன் கையால் உரிக்கிற வரை முதலாளியே வந்தாலும் தொட முடியாது. ஒரு ஸ்டிக்கர் நிலுவையில் நிற்கும்போது அந்த நம்பரை ரிஜிஸ்தரில் அடித்து ஆளை எடுக்கவும் முடியாது. தனகோடி இந்தச் சட்டத்தைச் சாமி மாதிரி நம்பினாள்.

நாற்பத்தைந்து வயதில் அவளுடைய பார்வை கிட்டத்திலிருந்து விலக ஆரம்பித்தது. எல்லாருக்கும் நடப்பதுதான், மற்றவர்களுக்கு ஓர் இடத்தில் நின்றுவிடும், அவளுக்கு நிற்கவில்லை. முதலில் ஊசியின் காது மங்கியது, அப்புறம் உள்ளங்கை, அப்புறம் தட்டில் இருக்கும் சோறு. கிட்டத்தில் போனது எல்லாம் தூரத்தில் போய்ச் சேர்ந்தது. வீட்டு வாசலில் நின்றபடி விரிஞ்சிபுரம் கோபுரத்தில் எந்தப் புறா அடைகாக்கிறது என்று சொல்வாள். வேலூரில் ஒரு கண் முகாமில் இருபத்திரண்டு கண்ணாடி மாற்றிப் பார்த்தார்கள். கையிலிருந்த அட்டை சாம்பலாகவே தெரிந்தது. ஆனால் கோட்டைக்கு அந்தப்புறம் போகிற பஸ்ஸில் கண்டக்டருக்குச் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை என்றாள். டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்.

ஒரு வருஷம் விரலால் தடவித் தடவியே வேலையை ஓட்டினாள். பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இருந்த இடதுகால் ஷூவின் குதிகால் தையல் வாயைப் பிளந்திருந்தது. அது பதினாலாம் நம்பர் பாஸ் செய்த ஷூ. சூப்பர்வைசர் பிரேம்குமார் அடுத்த வெள்ளிக்கிழமை கண் டெஸ்ட் என்றான். தேறாவிட்டால் ஸ்டூல் போகும், பெட்டி மடிக்கிற வரிசைக்குப் போய் நிற்க வேண்டும்.

"நிக்கிற வேலையும் வேலைதானேக்கா, இன்னா இப்ப?" என்றான். அவனுக்கு இருபத்தாறு வயது, முட்டி நன்றாக இருந்தது.

"நான் பதினோரு வருஷம் நின்னுட்டேன்பா. எங்கம்மா எனக்கும் சேத்து நின்னுச்சு. இனிமே எங்க வூட்ல யாரும் நிக்கிறதா இல்ல."

அந்த நாட்களில் விண்வெளி நிலையம் விடிவதற்குமுன் மாதனூருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அடுத்த மேஜைக்காரியான சங்கீதா, நம்பர் பதினைந்து, போனில் நேரம் பார்த்துச் சொல்வாள். சிமிட்டாமல், சத்தமில்லாமல், வடமேற்கிலிருந்து கிளம்பி ஊரைத் தாண்டிப் போகும். மற்றவர்களுக்கு அது வெளிச்சப் புள்ளி. தனகோடிக்கு இறக்கை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கம்பிக்கு அடியில் பாதத்தைச் செருகிக்கொண்டு ஒரு ஆள் பல் விளக்குவதும் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை அவள் முகம் சுளித்தாள்.

"மூணு தையல் வுட்டிருக்குடி."

"எதுலக்கா?"

"அதுலதான். வெள்ளையா மெத்தை மாதிரி போர்த்தி வச்சிருக்கான் பாரு, அதோட மூலையில. நூலு தொங்குது. எவ செக் பண்ணி அனுப்பிச்சா இதை?"

"வாய வச்சிக்கினு சும்மா இரு. உன் பொழப்பே வெள்ளிக்கிழமை தொங்கப் போவுது."

தனகோடியால் சும்மா இருக்க முடியவில்லை. குறையைக் கண்ட பிறகு பேசாமல் இருப்பது அவளுக்குக் காலில் முள்ளோடு நடப்பது மாதிரி. அதோடு உள்ளே ஆள் இருக்கிறது. செக்கிங் பிரிவுக்குத் தலைவரான நிசார் அஹமதிடம் போனாள். அவர் எதையும் கடைசி வரை கேட்கிற மனுஷன். இதையும் கேட்டார்.

"தனகோடிம்மா, ஸ்டிக்கர் ஒட்டாத குறை குறையே இல்ல. நம்ம ரூல்ஸ் உனக்குத் தெரியாததா? பேஜார் பண்ணாம போய் வேலையைப் பாரு."

அவளை அனுப்பி வைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

ஸ்டிக்கரைக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு கேட் சோதனையைத் தாண்டினாள். திங்கட்கிழமை ஒட்டியது தவறிப்போய் பெங்களூருக்குப் போன விமானத்தில் விழுந்தது. அந்த விமானத்தில் ஒரு குறையும் இல்லாததால் அவளுக்குச் சங்கடமாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது திரும்பி வரும்வரை ரோட்டில் காத்திருந்து உரித்தெடுத்தாள். புதன்கிழமை ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, நிலையம் தலைக்கு மேலே வந்ததும் ஷூவில் அழுத்துகிற அதே அழுத்தம் அழுத்தினாள். சில்லென்று இருந்தது என்று சங்கீதாவிடம் சொன்னாள். விரல் நுனி இரண்டு நாள் மரத்துக் கிடந்தது.

வியாழக்கிழமை நிலையம் சிவப்புக் கூர்முனையோடு போனது. கணியம்பாடியில் நிலத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். குடியாத்தத்தில் பவர்லூமை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். ஆம்பூரில் யாரும் வெளியே வரவில்லை, அது செக்கிங் ஸ்டிக்கர் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பிரேம்குமார் ஒரு முழத் தூரத்தில் ஒரு ஷூவைப் பிடித்தான்.

"எத்தினி தையல்க்கா?"

"அது ஷூவா, செருப்பா, மொதல்ல அதச் சொல்லு."

அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டான். அவள் அதன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாலை அடிக்க முடியாது. ஒரு ஸ்டிக்கர் நிலுவையில நிக்குது."

"எங்க நிக்குது?"

"மேல."

அன்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு நிசார் அஹமது இரவல் வாங்கிய பைனாகுலரோடு கம்பெனி மைதானத்தில் நின்றார். நிலையம் போய் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்பில் பதினாலு என்று தெளிவாக இருக்கிறது, ரூல்ஸ் ரூல்ஸ்தான், ஸ்டூலை வைத்துவிடு என்றார்.

ஸ்டூல் இருந்தது, வேலை இல்லை. இருபத்து மூன்று நாள் அவள் டியூப்லைட்டுக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசை வரிசையில் நின்றபோதுகூட உடம்பு இப்படி வலித்ததில்லை. சங்கீதா தன் மேஜையில் குவிந்ததைத் தள்ளிக்கொண்டே, "மகாராணி மாதிரி குந்திக்கினு இருக்க, உனக்கு இன்னாக்கா," என்பாள்.

இருபத்து நான்காம் நாள் விடியலில் வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் நிலையத்துக்கு வெளியே வந்தார்கள். ஒருத்தி விளக்குப் பிடிக்க, இன்னொருத்தன் தையல் போட்டான். பஸ் நிறுத்தத்தில் தனகோடி நிமிர்ந்து பார்த்தாள். தையல் சரி, ஆனால் முடிச்சுக்குப் பின்னால் நூலை வெட்டாமல் விட்டிருந்தான். ஸ்டிக்கரை அவள் தொடவில்லை. மறுநாள் மறுபடி வெளியே வந்து பிசிறை வெட்டினார்கள்.

அவள் கையைத் தூக்குவதைப் பார்த்ததும் சங்கீதா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதக்கா. அது அங்க இருக்கிற வரைக்கும்தான் நீ இங்க. எவன் மேல ஏறி வந்து பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனேடி."

"நாளைக்கு உன்னை நிக்க வச்சிடுவானுங்க."

"நிக்க வைக்கட்டும், அதை அப்ப பாத்துக்கறேன். நல்ல சரக்கு மேல செவப்ப வச்சிக்கினு நான் எப்படி குந்துறது?"

உரித்தாள். ஸ்டிக்கரைச் சுருட்டிச் சாக்கடையில் போட்டாள். நிலையம் வெறும் வெள்ளையாக ஊரைத் தாண்டிப் போனது.

எட்டு மணிக்கெல்லாம் பிரேம்குமார் ரிஜிஸ்தரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பின்னாலேயே நிசார் அஹமது வந்தார்.

"ஏம்மா எடுத்தே?"

"சரியாய்டுச்சு பாய்."

அவர் கையில் டீ இருந்தது. அதை அவள் மேஜையில் வைத்தார். பிறகு மூன்று வருஷமாக யாரும் கேட்காததைக் கேட்டார். "எவ்ளோ தூரத்துல வச்சா உனக்கு ஷூ தெரியும்?"

"தெரியல பாய். வச்சுத்தான் பாக்கணும்."

ரிஜிஸ்தரை மூடிய பிரேம்குமாரே கயிறு கட்டினான். மைதானத்தின் ஒரு கோடியில் நாற்பது ஜோடி ஷூக்கள் தொங்கின, மறுகோடியில் தனகோடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். செக்கிங்கில் மற்ற பத்து பேர் ஏற்கெனவே பாஸ் செய்த சரக்கு அது. அதில் மூன்று ஜோடிகளை அவள் திருப்பி அனுப்பினாள். ஸ்டிக்கரை இருந்த இடத்திலிருந்தே ஒட்டினாள்.

அதற்கப்புறம் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டியும் திரும்பவில்லை. அவள் பார்வை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் மைதானம் போதவில்லை, ஷூக்களைத் தண்ணீர்த் தொட்டி மேலே தொங்கவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் பாலாற்றின் அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது தினமும் காலையில் இரண்டு பஸ் கிளம்புகிறது. ஒன்றில் தனகோடி இக்கரையில் இறங்குகிறாள். மற்றதில் சங்கீதா பெட்டிகளோடு அக்கரையில் இறங்கி, ஒவ்வொரு ஜோடியாகத் தூக்கிக் காட்டுகிறாள். "கைய ஆட்டாம புடிடி," என்று போனில் திட்டு வரும். அவளும் திருப்பித் திட்டுவாள். ஆற்றில் தண்ணீர் வருகிற மாதத்திலும் வேலை நிற்பதில்லை.

இன்னும் இரண்டு வருஷத்தில் ஆற்றின் அகலமும் போதாது என்று நிசார் அஹமது கணக்குப் போட்டிருக்கிறார். எதிரே இருக்கும் மலையில் ஷூ தொங்கவிட அனுமதி கேட்டு வனத்துறைக்குக் கம்பெனி மனு கொடுத்திருக்கிறது. மழைக்காலத்தில் தோல் நனையாமல் இருக்க மேலே ஒரு கொட்டகையும் வேண்டும் என்று தனகோடி சொல்ல, அதையும் மனுவில் சேர்த்திருக்கிறார்கள்.