விலாவில் வந்து இறங்கிய ஆணி

பாம்பூஃப்ளாட் கிரேசியின் இடது விலாவுக்குள் ஓர் ஆணி இருக்கிறது. அது உள்ளே போன தழும்பு மட்டும் உடம்பில் எங்கும் இல்லை. மெயின்லேண்டில் ஒரு ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து, படகு இன்ஜினுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த அவள் கணவன் பென்னி செத்த அதே நேரம், கடலுக்கு இந்தப் பக்கம் தீவில் சூரை மீன் நறுக்கிக்கொண்டிருந்தவள் சுருக்கென்று குத்துவதாகச் சொல்லிச் சாய்ந்தாள். அந்தக் குண்டில் ஆணிகளை நிரப்பியிருந்தார்களாம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இதயத்தை ஒட்டி இருக்கிறது, தொடவேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தார் விசாரித்துவிட்டு மீன் விலை பேசப் போனார்கள். ஆணி அசைந்துகொண்டே இருந்ததால் அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

குண்டுக்குப் பிறகு விமான நிலையத்தில் கெடுபிடி கூடியது. பெல்ட்டையும் ஷூவையும் கழற்றச் சொன்னார்கள். தேங்காயெண்ணெய் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கப்பலிலேயே போய்வந்த கிரேசிக்கு அதெல்லாம் காதில் விழுந்த சங்கதிதான். சென்னையில் மகள் சுபிதாவுக்கு மாதம் நிறையுமுன்பே வலி கண்டபோது, அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது. முதன்முறையாக விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

சோதனை வளைவு அலறியது. வளையல், தோடு, ஜெபமாலை எல்லாம் கழற்றினாள். அவள் மூச்சை இழுத்தால் உரத்தும், விட்டால் தணிந்தும் அது அலறிக்கொண்டே இருந்தது. எக்ஸ்ரே படத்தை நீட்டினாள். தழும்பைக் காட்டச் சொன்னார்கள். அதிகாரி "ருக்கோ" என்று நிற்கச் சொல்லிவிட்டு மேலிடத்துக்குப் போன் போடப் போனார். கண்ணாடிக்கு அப்பால் விமானம் கிளம்பிவிட்டது. சுபிதா போனை எடுக்கவில்லை. கிரேசி அங்குமிங்கும் நடந்தாள்.

அன்றைய கடைசி விமானத்துக்கு ஆள் ஏற்றும் நேரத்தில், பணி மாறி வந்த காவலர் வைஜெயந்தி அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் விலாவில் உள்ளங்கையை வைத்தாள். ஆணி துடித்தது.

"ஏன்க்கா, வேற ஆஸ்பத்திரியில காட்டி எடுத்திருக்கலாம்ல?"

"அவுக ஒடம்பு வரல தங்கச்சி. அங்கருந்து எனக்கு வந்து சேந்தது இது ஒண்ணுதான்."

வைஜெயந்தி வெளியே வந்து, தான் முழுவதும் சோதித்தாயிற்று, பொறுப்பு தன்னுடையது என்று அதிகாரியிடம் இந்தியில் சொன்னாள். அவர் கிரேசியின் டிக்கெட்டில் முத்திரை குத்தினார்.

கிரேசி போய்ச் சேருவதற்குள் சுபிதாவுக்குப் பெண் பிறந்திருந்தது. இப்போது பேத்தியைப் பார்க்க கிரேசி வருடந்தோறும் பறக்கிறாள். வளைவு அலறும்போது வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் ஒதுங்குவார்கள். புதிதாய் வந்த காவலர்களிடம் பழையவர்கள், அது அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.