அவிட்டத்து அடைப்பு

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க வருகிற மதராஸ்காரர்கள் பொழுது சாய்ந்தால் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். ஊரில் தங்க ஒரு நல்ல அறை கிடையாது. மதராசில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்த சேட்டுவுக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. சாலவாக்கம் சாலையில் அவன் அப்பா பச்சமுத்துவின் பெரிய வீடு பாழாய்க் கிடந்தது. ஓடு சரிந்து, சுவரில் அரசு முளைத்து, வௌவால்கள் வாடகை இல்லாமல் குடியிருந்தன. கிழவர் மட்டும் பின்பக்கத்து அறை ஒன்றில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டுவிட்டு, இருந்த நிலத்தையும் விற்று, சேட்டு வீட்டைப் பழுதுபார்த்து லாட்ஜ் ஆக்க வந்தபோது ஊரே சிரித்தது. பச்சமுத்து சிரிக்கவில்லை. எழுபது வயதில் கூரையேறி ஓடு மாற்றினார். சொல்லச் சொல்லக் கேட்காமல் கிணற்றில் இறங்கித் தூர் வாரினார். அதில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. புதிதாக வெள்ளையடித்த முன்னறையில் அவரைப் படுக்கவைத்தார்கள்.

முதல் விருந்தாளிகளாக ஒரு பேராசிரியரும் மாணவர்களும் மறுவாரம் வருவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து, கை பிடித்துப் பார்த்த கம்பவுண்டர், "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி அனுப்பிடு" என்றார். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அன்று அவிட்டம். அவிட்டத்தில் உயிர் போனால் அந்த வீட்டை ஆறு மாதம் அடைத்துப்போட வேண்டும். எமன் பஞ்சாங்கம் பார்க்கிறானோ இல்லையோ, ஊர் பார்க்கும்.

"ஆறு மாசம் பூட்டினா நாம இன்னாத்த துன்றது?" என்றாள் சேட்டுவின் மனைவி அம்முலு.

சேட்டு நாலு பேரைக் கூப்பிட்டு, உயிர் வீட்டுக்குள்ளே பிரியாதபடி, அப்பாவைக் கட்டிலோடு தூக்கித் தோட்டத்து மாட்டுக் கொட்டாயில் வைத்தான். கிழவருக்குக் கண் திறந்துதான் இருந்தது.

ஆனால் அவர் சாகவில்லை. கஞ்சி இறங்கியது, மூச்சு சீரானது. அவிட்டம் முதல் ரேவதி வரை ஆகாத நட்சத்திரங்களெல்லாம் கழிந்த காலையில் சேட்டு சிரித்த முகமாக வந்தான்.

"நைனா, எய்ந்திரு. வூட்டுக்குப் போலாம்."

"இங்கியே கீறேன்டா."

"மாடு கட்ற எடத்துலயா? இன்னா நைனா பேசற?"

"அவிட்டம் மாசாமாசம் வருது சேட்டு. ஒவ்வொரு தபாவும் நாலு பேரைத் தேடிக்கினு இருப்பியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சேட்டு பிழைத்திருப்பான். பிள்ளைக்குச் சிரமம் வேண்டாமே என்கிற மாதிரி சொன்னார்.

விருந்தாளிகள் வந்தார்கள். அறைகள் காலியாக இருந்த நாள் குறைவு. வாசல் வெயிலில் குந்தியிருந்த கிழவரைக் காவல்காரர் என்று நினைத்து, "பெரியவரே, கேட்டைத் தொறங்க" என்பார்கள். அவர் எழுந்து போய்த் திறந்துவிடுவார். அதைப் பார்த்த அன்றெல்லாம் சேட்டுவுக்குச் சோறு இறங்காது. எத்தனை முறை கூப்பிட்டும் அவர் வீட்டுக்குள் வரவே இல்லை.

பங்குனியில், அதே கொட்டாயில் பச்சமுத்து செத்துப்போனார். "பூசம். ஒரு தோஷமும் இல்லை. காரியம் முடிஞ்சதும் தாராளமா நடத்து" என்றார் ஜோசியர். பிள்ளைக்குக் கஷ்டம் வைக்காமல் போன புண்ணியவான் என்று ஊர் மெச்சியது.

கருமாதி முடிந்த அன்று சேட்டு பாத்திரம் பண்டங்களைக் கொட்டாய்க்கு மாற்றினான். வரவிருந்தவர்களுக்கெல்லாம் ஆறு மாதத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். பிறகு தலைவாசலைச் சாத்திப் பூட்டினான். அம்முலு தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"பூசத்துல செத்தவருக்கு எதுக்குய்யா ஆறு மாசம் அடைப்பு? உனக்கு இன்னா பைத்தியமா?"

சேட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"பூசத்துல இல்ல அம்மு. எங்க நைனா அவிட்டத்துலியே செத்துட்டாரு."