துடித்த படிகள்

கணினியில் அந்தப் புகைப்படம் ஆடாமல் அசையாமல் இருந்தது. பக்கத்தில் இருந்த டிவியில் ஓடவிட்டால்தான் நடுங்கியது. குளத்துப் படிகள் ஒவ்வொன்றும் வெயிலில் தகிக்கிற தார் ரோட்டைப் போல நெளிந்தன. படியில் நின்ற பெண்ணின் முகம் வருவதும் கலைவதுமாக இருந்தது.

தேவகி மூன்றாவது முறையாக ஓடவிட்டாள். அதே நடுக்கம்தான்.

தினமும் முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்துச் சின்ன காஞ்சிபுரம் வந்து, வீரபத்திரனின் வீடியோ கடையில் எடிட்டிங் செய்பவள் அவள். இந்த ஆறு வருஷத்தில் முந்நூறு கல்யாணங்களையாவது வெட்டி ஒட்டியிருப்பாள். இப்போது கையில் இருந்தது ஹயக்ரீவன் சாரின் அறுபதாம் கல்யாணத்துக்கான படம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைப் பருவம் முதல் இன்றுவரை அவருடைய புகைப்படங்களைக் கோத்து, சடங்கு முடிந்ததும் மண்டபத்தில் டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். கொடுத்த நாற்பது படங்களில் இது ஒன்றுதான் அடம் பிடித்தது.

"இன்னாம்மா இன்னும் அதையே நோண்டிக்கினு இருக்கிற?" என்றார் வீரபத்திரன். "பழைய போட்டோ, அப்படித்தான் ஆடும். எடுத்துட்டு வேற போடு."

"வேற இல்லண்ணே. அவரோட அம்மாவுக்கு இந்த ஒரு போட்டோதான் இருக்குதாம்."

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம். அதைப் பாலிதீன் உறையில் போட்டு, உறையை ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார் ஹயக்ரீவன். பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துப் படியில் இடுப்பில் ஒரு துணிமூட்டையோடு நிற்கும் இளம்பெண். பின்புறம் பென்சிலில் 'சுபானு, புரட்டாசி' என்று எழுதியிருந்தது. "நான் பொறந்தது அந்த வருஷம் ஆவணி. ஐப்பசில அம்மா போயிட்டா. என்னையும் அவளையும் சேர்த்து யாரும் படம் எடுக்கலை" என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தம்கூட இல்லை. அறுபது வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது.

தேவகி முதலில் படம் முழுவதையும் மங்கலாக்கிப் பார்த்தாள். நடுக்கம் நின்றது. ஆனால் முகமும் கஞ்சித்தண்ணீரில் கரைந்ததுபோல ஆகிவிட்டது. அந்த மங்கலை நீக்கிவிட்டு, நாற்காலியை டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. படிகள் துடித்தன, படிக்குப் பக்கத்தில் நின்ற மண்டபத் தூண் துடிக்கவில்லை. புடவையின் கரையிலும் அப்படித்தான்: செங்குத்தாக விழுந்த இடம் சாந்தமாக இருந்தது, படுக்கையாகத் திரும்பிய இடம் மினுமினுத்தது. படுத்திருந்த கோடுகள் மட்டும்தான் நடுங்கின.

டிவி ஒரு படத்தை ஒரே மூச்சில் வரைவதில்லை என்று அவள் எப்போதோ கேட்டிருந்தாள். ஒற்றைப்படைக் கோடுகளை முதலில் வரையும், இரட்டைப்படைக் கோடுகளை அடுத்ததாக வரையும். அப்படியானால் ஒரு கோட்டின் பருமனே உள்ள படி விளிம்பு பாதி நேரம் இருக்கும், பாதி நேரம் இருக்காது. நொடிக்கு இருபத்தைந்து தடவை இருந்து இருந்து இல்லாமல் போகும். தேவகிக்கு உடம்பு சிலிர்த்தது. வீடு வீடாக எல்லாரும் பார்க்கிற பெட்டிக்குள் இத்தனை காலமும் இதுதானா நடந்துகொண்டிருந்தது!

பக்கவாட்டில் தொடாமல், மேலும் கீழும் மட்டும், ஒரே ஒரு புள்ளி அளவுக்குப் படத்தை இழுத்து மங்கலாக்கினாள். இப்போது ஒவ்வொரு விளிம்பும் பக்கத்துக் கோட்டிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஒன்று அணைந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

டிவியில் ஓடவிட்டாள்.

படிகள் நின்றன. குளத்துத் தண்ணீர்கூட அடங்கிவிட்டதுபோல இருந்தது. கேமரா நெருங்குவதுபோல படம் மெல்ல மெல்லப் பெரிதாகி அந்தப் பெண்ணை நோக்கிப் போனது. முகம் தெளிந்தது. பிறகு இடுப்பு, துணிமூட்டை. தேவகி சட்டென்று படத்தை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். போனை எடுத்து, "சார், நீங்களும் வீட்டம்மாவும் ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் காலை ஹயக்ரீவனும் அவர் மனைவி ஹேமாம்புஜமும் வந்து உட்கார்ந்தார்கள். படி தெரிந்தது, தூண் தெரிந்தது, பெண் நெருங்கி வந்தாள்.

"அம்மா இவ்வளவு சின்னப் பொண்ணா!" என்றார் ஹயக்ரீவன்.

ஹேமாம்புஜம் அவர் கையைப் பிடித்தாள். "ஏன்னா, முகத்தை விடுங்கோ. கீழ பாருங்கோ. அது மூட்டை இல்லை."

துணியின் ஓரத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒரு பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. குதிகால் உருண்டையாகத் தெரிந்தது. அம்மாவின் கை அதற்கு அடியில் ஏந்தினாற்போல விரிந்திருந்தது.

"ஆவணில பொறந்தேன்... இது புரட்டாசி..." கணக்கு வாத்தியார் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்தும் விரலை மடக்கவில்லை. "தேவகி, நீ ஏதாவது வரைஞ்சு சேர்த்தியாம்மா?"

"இல்ல சார், சத்தியமா இல்ல. ஆட்டத்த நிறுத்துனேன், அவ்ளோதான். அது உள்ளயேதான் இருந்துக்குது."

அவர் எழுந்து டிவியின் அருகே போய் அந்தப் பாதத்தின்மேல் விரலை வைத்தார். திரைக் கண்ணாடியில் மின்சாரம் மெல்லச் சடசடத்தது. அவர் முன்னங்கை முடிகள் எழுந்து நின்றன. அவர் கையை எடுக்கவில்லை. வாசலில் நின்றிருந்த வீரபத்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நம்ம ரெண்டு பேரும் பெருமாளைச் சேவிக்கப் போயிருக்கோம்" என்றார் ஹயக்ரீவன், திரையில் இருந்தவளைப் பார்த்து. "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே அம்மா."

தேவகி மவுஸைப் பிடித்தாள். "சார், ஒரு போட்டோவுக்கு அஞ்சு செகண்டுதான் வெப்போம். இத எவ்ளோ நேரம் வெக்கட்டும்?"

ஹயக்ரீவனின் விரல் இன்னும் அந்தப் பாதத்தின்மேலேயே இருந்தது. வீரபத்திரன்தான் சொன்னார்: "பாட்டு, மேளம் எதுவும் போடாத தேவகி. ரெண்டு நிமிஷம் அப்டியே நிக்கட்டும்."