பெயிண்ட் வாளித் தோட்டம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிசினாறி. முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவளுக்கு, கேக் வெட்டக் காசு கேட்டால் "எனக்கு இனிப்பே ஆகாது" என்று முகத்திலடித்தாற்போல் சொல்பவளுக்கு, வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சொல்லிவிட்டுப் போகட்டும். தாத்தா கட்டிவைத்த வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, பணம் என்ன பெரிய பணம் என்று யார் வேண்டுமானாலும் பேசலாம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். குடியிருக்கும் வாடகை வீட்டைச் சொந்தமாக்க வேண்டும். "விக்கிறதா இருந்தா முதல்ல உங்களுக்குத்தாம்மா" என்று ஹவுஸ் ஓனர் வாயால் சொல்லி, ஒரு விலையும் சொல்லி, இரண்டு வருடம் ஆகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கி கடன் தரும். முன்பணத்தை மட்டும் அவள் காட்ட வேண்டும். அடுத்த மாதச் சம்பளம் வந்தால் அதுவும் சேர்ந்துவிடும்.

அப்பா பெயிண்டர். வேலை முடிந்த இடங்களில் டப்பாவின் அடியில் தங்கியதை வழித்துக்கொண்டு வருவார். அதனால் அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சுவர் நீலம், ஒன்று பச்சை, அலமாரிக் கதவு ஏதோ பள்ளிக்கூடத்து மஞ்சள். காலி வாளிகள் அம்மாவுக்கு. அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் காய்கறித் தோலும் நிரப்பி, பின்பக்கத்து மொட்டைச் சிமெண்ட் தரையில் தக்காளி, மிளகாய், புதினா, அவரை என்று ஒரு காட்டையே உண்டாக்கிவிட்டாள். ஆகப் பெரிய வாளியில் எலுமிச்சை. நடுவில் அப்பா சிவப்படித்த பழைய நாற்காலி.

சாயங்காலமானால் டீயோடு அம்மா அதில் உட்கார்ந்துவிடுவாள். "நீயும் வந்து உக்காருடி. காத்து சும்மாதான வருது, உன் பேங்க்ல இருந்தா எடுக்குது?"

"வீடு நம்மளுது ஆகட்டும், உக்கார்றேன்."

நின்றபடியே டீயை விழுங்குவாள். போனில் கணக்கிலுள்ள தொகையைப் பார்ப்பாள். காலையில் பார்த்த அதே தொகைதான். ஆனாலும் மறுபடி பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஓனர், ஒரு கணவன், ஒரு மனைவி. அந்த அம்மாள் சிவப்பு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். "என்ன காத்து! இங்கயே இருந்துடலாம் போல."

"சுவரைப் பாத்தீங்களா? ஒவ்வொண்ணும் ஒரு கலர். டிசைன்!" என்றார் ஓனர்.

"டிசைன் இல்ல சார். மிச்சம்" என்றாள் அவள்.

யாரும் காதில் வாங்கவில்லை. அம்மாவுக்கோ வாயெல்லாம் பல். எந்த ஜன்னலில் வெயில் வரும், ஒழுகிய கூரையை அப்பா எப்படி அடைத்தார், எல்லாம் சொல்லி முடித்து, ஒரு பை எலுமிச்சையும் பறித்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அவள் வாசல் கேட் வரை ஓடி ஓனரை மறித்தாள். "சார், நாங்க வாங்குறதாத்தான பேச்சு?"

"அப்ப இது வெறும் சிமெண்ட் தரைம்மா. இப்ப தோட்டத்தோட வீடு. அதுக்குத்தான் அவங்க கூடக் குடுக்குறாங்க. திங்கக்கிழமை அட்வான்ஸ்." கொஞ்சம் தயங்கி, "உங்கம்மா பொறுமையா நல்லாச் சுத்திக் காட்டினாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். "தோட்டம் பாக்க வந்தவங்கன்னு சொன்னாரேடி. ஆசையாக் கேட்டாங்க..."

"வித்துக் குடுத்துட்ட. கமிஷன் கேட்டு வாங்கியிருக்கலாம்."

சொன்ன பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாளிகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சட்டென்று நின்றாள். "அவர் விக்கிறது வீட்டை. செடி யாரோடது?"

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை செய்கிறவர் லோடு வண்டியோடு வந்தார். அவர் வீட்டில் வைத்திருக்க வாளிகள் ஒவ்வொன்றாக ஏறின. "நம்ம டீயைக் குடிச்சவங்கடி, என்ன நினைப்பாங்க?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். எலுமிச்சையைத் தூக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்ட அப்பா, "சுவரையும் சுரண்டி எடுத்துக்கலாமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வாழ்க்கையில் முதல் முறையாக லீவு போட்டாள். வந்தவர்கள் தரையில் வட்ட வட்டமாகக் கிடந்த வாளித் தடங்களைப் பார்த்தார்கள்.

"செடியெல்லாம் எங்க?"

"எங்களோடது. எடுத்துட்டோம்."

கணவன் மனைவியின் காதில் ஏதோ சொன்னான். வம்பு என்பது மட்டும் கேட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

"படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?" என்று ஓனர் குதித்தார்.

"படிச்சதாலதான் சார் பண்ணேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் சோறு இறங்கவில்லை. காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது? சாயங்காலம் தண்ணீர்ச் செம்போடு பின்பக்கம் போன அம்மா, ஊற்ற ஒன்றுமில்லாமல் அப்படியே திரும்பி வந்தாள். சமையலறை ஜன்னலில், காது உடைந்த கோப்பையில், ஒரு புதினாக் கொம்பு தெரிந்தது. அதை மட்டும் அம்மா ஒளித்துவைத்திருக்கிறாள். இவள் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்தாள்.

சம்பளம் வந்த அன்று ஓனரும் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "அவங்க வேற வீடு பாத்துட்டாங்க. சரி, பழைய விலைக்கே எடுத்துக்குங்க."

"எழுதிக் குடுங்க சார்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருந்துச்சு சார். ரெண்டு வருஷம்."

முணுமுணுத்துக்கொண்டே ஒப்பந்தம் எழுதக் கிளம்பினார். அவர் மனம் மாறுவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு அப்பாவும் கூடவே ஓடினார்.

அவள் பின்பக்கம் போனாள். வெறுந்தரை, வட்டங்கள், நடுவில் சிவப்பு நாற்காலி. உட்கார்ந்தாள். காற்று வந்தது. வீடு பார்க்க வந்த அந்த அம்மாள் சொன்னது பொய்யில்லை. உடனே எழுந்தாள்.

"லோடு வண்டிக்குச் சொல்லணும்மா. புதினா காஞ்சிருக்கும்."

"அவங்க வீட்டுல தண்ணி ஊத்துவாங்க. உக்காருடி."

உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.