கை தட்டாதவரின் கட்டம்

பல வீடியோக்களை ஒரே திரையில் கட்டம் கட்டமாகச் சேர்க்கும் மூன்று மென்பொருள்களை அன்செல்மா கணினியில் இறக்கிப் பார்த்தாள். முதலாவதில் ஒரு திரைக்கு ஒன்பது கட்டங்கள்தான். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் அவர்களுடைய பராங் குழுவில் இருப்பதோ பதினோரு பேர். அது அங்கேயே கழிந்தது.

இரண்டாவதைக் கண்டுதான் அவள் பயந்தாள். பதிவுகளைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதுவே ஒவ்வொன்றின் தாளத்தையும் கேட்டு, முன்னே பின்னே நகர்த்தி, எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடுகிறது. மனிதக் கைக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்றாவது ஆளைப் பிழிந்தெடுக்கும் ரகம். ஒவ்வொருவரையும் கையால் இழுத்துத்தான் பொருத்த வேண்டும். அன்செல்மா அதைத் தேர்ந்தெடுத்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று போனில் கத்தினாள் ரமோனா. குழுவில் கிலுகிலுப்பை ஆட்டுகிறவள் அவள்தான். "எங்க சர்ச் பாட்டுக்காரங்க அந்த ரெண்டாவதைத்தான் வச்சிருக்காங்க. கேட்டா சும்மாவே குடுப்பாங்க. ஒரே அமுக்கு, வேலை முடிஞ்சுது."

"அதுல ஒரு சிக்கல் இருக்குக்கா. கிலுகிலுப்பைச் சத்தத்தை அது இரைச்சல்னு நினைச்சுத் துடைச்சிடுது."



"என்னை இரைச்சல்னா சொல்லுது?"

"மெஷினுக்கு என்னக்கா தெரியும்."

"நாசமாப் போகட்டும். நீ கையாலயே பண்ணு, கண்ணு."

பொய் இவ்வளவு சுலபமாக நாக்கில் வந்து உட்கார்ந்தது அன்செல்மாவுக்கே வியப்பாக இருந்தது. போனை வைத்தபிறகு நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள். படபடக்கவில்லை.

அந்த வருடம் கொரோனா. லோப்பினோ மலையில் யாரும் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிப் பாடக் கூடாது. கிறிஸ்துமஸ் பராங் போட்டியையும் வீடியோவில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ரமோனாவின் கிலுகிலுப்பையை முதலில் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்புவது, அதைக் காதில் கேட்டுக்கொண்டே அவரவர் வீட்டில் வாசிப்பது, தொடங்கும்போது கிலுகிலுப்பையோடு சேர்த்து ஒரு தடவை கை தட்டுவது என்று ஏற்பாடு. அந்தக் கைதட்டலை வைத்துத்தான் அன்செல்மா எல்லாரையும் ஒன்று சேர்க்க வேண்டும்.

பத்துப் பேர் தட்டி அனுப்பினார்கள். ஒற்றைத் தந்தி கட்டிய பெட்டி பாஸ் வாசிக்கும் ஃபிட்ஸ்ராய் சமையலறையில் நின்று தட்டியதில் பின்னால் ஒரு மூடி விழுந்து உருண்டது.

தலைவர் கிறிசாந்தோ தட்டவில்லை. மடிப்புக் கலையாத சிவப்புச் சட்டையில், நாலு தந்தி க்வாத்ரோவை மார்போடு அணைத்துக்கொண்டு நேராகத் தொடங்கிவிட்டார். கூடவே ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். "கை தட்டுறதெல்லாம் உங்களுக்கும்மா. தாளமே நான்தானே. என்னை வச்சு மத்தவங்களைச் சரிபண்ணு."

அன்செல்மா அதை இரண்டு முறை கேட்டாள். இதே குரல்தான்.

பல வருடங்களுக்கு முன், அரிமா ஊர் மேடையில் அவர் கையை உயர்த்திப் பாட்டைப் பாதியில் நிறுத்திய நாளில் அந்தக் க்வாத்ரோ அவள் மடியில் இருந்தது. "அன்செல்மா லேட்டு," என்றார், மைக்கை மூடாமலே. கூட்டம் சிரித்தது. அவள் கையிலிருந்து வாத்தியத்தை வாங்கி, தானே உட்கார்ந்து வாசித்தார். இரண்டாவது வரிசையில் அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு கடைக்குப் போனால், "வா லேட்டு" என்பார்கள். அன்பாகத்தான். அன்றிலிருந்து அவள் குழுவின் போட்டோக்காரி.

அன்று ஓடியது அவர்தான். முன்னால் நின்று பாடியவர் பாதிப் பாட்டிலேயே வேகம் கூட்டினார். அது அவளுக்கு உறுதியாகத் தெரியும். முதல் வருடம் தெரியும். அடுத்த வருடமும் தெரியும். பிறகு எப்போதோ, பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கையில், தான் கொஞ்சம் பிந்தியது போலக் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் தெளிவாகவில்லை. அவர் வாத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் மன்னித்திருப்பாள். அவள் காதையும் அல்லவா எடுத்துக்கொண்டு போனார்!

பத்துக் கட்டங்களையும் மயிரிழை பிசகாமல் பொருத்தினாள். பிறகு அவருடையதைப் பிடித்தாள். கிலுகிலுப்பையோடு ஒட்டிக் கேட்டுச் சரியான இடத்தில் வைத்து, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு துளி நகர்த்திக் கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு துளி. பாட்டு லேசாக நொண்டியது. இன்னும் ஒன்று. இப்போது யாரால் என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். படமும் சத்தமும் சேர்ந்தே நகர்ந்ததால் அவர் விரலும் தந்தியும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு, சிவப்புச் சட்டையில், ஒவ்வொரு தட்டுக்கும் அவர் பிந்திக்கொண்டே இருந்தார்.

அனுப்பினாள்.

நடுவர்கள் குழுவை முதல் சுற்றிலேயே கழித்தார்கள். பாடகர்கள் நன்று, க்வாத்ரோ இழுக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ரமோனா போனில் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபடி அன்செல்மா தனக்குள் துழாவினாள். வருத்தம் இருந்தது. ஆனால் திரும்பவும் செய்யச் சொன்னால் செய்வாள் என்பதும் அதன் பக்கத்திலேயே இருந்தது.

குழுவின் வாட்ஸ்அப்பில் கிறிசாந்தோ கொதித்தார். "நான் லேட்டா? இவதான் என்னை நகத்தியிருக்கா!"

ஃபிட்ஸ்ராய் பதில் போட்டான்: "தலைவரே, போன வருஷம் செருப்பு மேல பழி. அதுக்கு முந்தி ரம் மேல. இந்த வருஷம் கம்ப்யூட்டரா?" சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன.

மறுநாள் காலை அவரே வந்துவிட்டார். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"உண்மையைச் சொல்லு. நகத்தினியா?"

"மத்தவங்களைக் கைதட்டலை வச்சுப் பொருத்தினேண்ணே. நீங்க தட்டலையே."

"நான் எதுக்குத் தட்டணும்? அம்பது வருஷமா வாசிக்கிறேன்டி!"

"அப்ப நான் எதை வச்சுப் பொருத்துவேன், சொல்லுங்க."

வேலிக் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை தன்னையறியாமல் தாளம் போட்டது. அதை அவரே பார்த்தார். நிறுத்தினார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ராத்திரி பூரா அதையே கேட்டேன்," என்றார், குரல் இறங்கி. "முதல்ல நீதான்னு தோணிச்சு. அப்புறம் வீட்ல சும்மா வாசிச்சுப் பாத்தேன். அதுவும் பிந்துற மாதிரியே கேக்குது. எனக்கே தெரியல அன்செல்மா. நான் லேட்டாத்தான் வாசிச்சேனா?"

ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தைக்காக அவளும் எத்தனையோ வருடம் காத்திருந்தவள்தான். அவர் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அது.

"மழை பேஞ்சிருக்குண்ணே. இறக்கத்துல வழுக்கும், பாத்துப் போங்க."

அவர் இறங்கி மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள். கணினியைத் திறந்து அவர் கட்டத்தை அதன் சரியான இடத்துக்கு இழுத்து வைத்தாள். பாட்டை ஓடவிட்டாள்.

அவர் துளியும் பிந்தவில்லை. பதினோரு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி மலையேற்றுகிற வாசிப்பு அது. ரமோனா தளர்ந்த இடத்தில்கூட அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார். கடைசித் தந்தி அடங்கும்வரை அன்செல்மா கண்ணை மூடிக் கேட்டாள். இவ்வளவு அழகாக அவர் வாசித்தது உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

மூடப் போனபோது, மாற்றத்தைச் சேமிக்கவா என்று திரை கேட்டது.

வேண்டாம் என்று அழுத்தினாள்.