கோதண்டபாணி வீட்டுக் கம்ப்யூட்டர் முந்தைய தேதிக்குத் திரும்பாத கதை

1

இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. என் தலையில் கட்டப்பட்ட கதை. கட்டியவர் என் வீட்டுக்காரர் கோதண்டபாணி. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் அவர் வீடு. மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன், கீழே அவரும் மனைவி கண்ணம்மாளும். இந்த வருடம், அதாவது இரண்டாயிரத்து ஏழில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லலாம் என்று இறங்கிப் போனேன். அவர் என் கையில் டெலிபோன் ரிசீவரைத் திணித்தார்.

"சார், இதைக் கொஞ்சம் புடிங்க. நான் சொல்றதை அப்படியே அங்க சொல்லுங்க. அங்க சொல்றதை அப்படியே எனக்குச் சொல்லுங்க."

கதையை அங்கே ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. தன்னை எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் ரிசீவர் பிடிக்கும் ஆளாக அறிமுகமாவது கௌரவக் குறைச்சல். ஆகவே வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"சூளைப் புகை ஊரின் மேல் ஒரு பழைய துக்கத்தைப் போல—" (அடித்துவிட்டேன். பாதிச் சூளைகள் டீசலில் எரிகின்றன. டீசலுக்கு அவ்வளவு துக்கம் வராது.)

"மனிதன் இயந்திரத்தை நம்பத் தொடங்கிய நாளில்—" (இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை.)

"கோதண்டபாணியின் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருந்தது." (இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.)

2

கோதண்டபாணியின் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருந்தது. கெட்டுப்போவது அதற்குப் பழக்கமாகியிருந்தது.

அவர் பீங்கான் பொம்மை செய்கிறவர். யானை, வாத்து, பிள்ளையார். பாண்டிச்சேரி வியாபாரிகள் பொம்மையைப் பார்க்காமலே வாங்கப் பழகிவிட்டதால், போட்டோ பிடித்து ஈமெயிலில் அனுப்பக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. வீட்டின் பக்கத்து அறையில், காய்ந்த பொம்மைகளைச் சூளைக்குப் போகுமுன் பெண்கள் பிசிறு தேய்க்கும் இடத்தில், அதை வைத்திருந்தார்.

போட்டால் தானாக அணைந்து தானாக எழும். சில நாள் கறுப்புத் திரையில் ஒற்றை வரி இங்கிலீஷோடு நின்றுவிடும். இதற்கு மருந்தாகச் சிஸ்டம் ரெஸ்டோர் என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது. நன்றாக ஓடிய ஒரு பழைய தேதியைத் தேர்ந்தெடுத்தால், மெஷின் தன்னை அந்தத் தேதியில் இருந்தபடிக்குத் திருப்பிக்கொள்ளும். இவருடையது பாதி திரும்பும்போதே அணைந்துவிடும். மறுபடி போட்டால், 'திருப்ப முடியவில்லை, எதுவும் மாற்றப்படவில்லை' என்று அறிவிக்கும். (அரசாங்கக் கடிதம் எழுதிய கை என்று நினைக்கிறேன்.)

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் தர்மராஜ் வந்து பார்த்தான்.

"ஃபார்மட் அடிச்சிடலாம்ணே. உள்ள இருக்கறது எல்லாம் சுத்தமா அழிஞ்சிடும். புதுசு மாதிரி ஓடும்."

"அதெல்லாம் வேணாம். கணக்கு இருக்குது உள்ள."

அவர் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றியதே இல்லை என்று கண்ணம்மாள் பிறகு என்னிடம் சொன்னார். உள்ளே இருந்தது அவர்களுடைய மகள் மோகனப்பிரியாவின் காலேஜ் காலத்துப் படங்கள்.

3

மோகனப்பிரியா சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். ரெண்டு வருஷத்துக்கு முன் திலீபன் என்கிறவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். (இரண்டு பேருடைய சாதியையும் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எழுதினால் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கதையை விட்டுவிடுவார்கள்.) அன்றிலிருந்து கோதண்டபாணி மகள் பெயரைச் சொல்வதில்லை, அவளோடு பேசுவதும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் கேட்க வேறு ஆளும் இல்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு. டெலிபோன் கூடத்தில். கம்ப்யூட்டர் பக்கத்து அறையில். நடுவே வாசற்படியில் ரிசீவரோடு கண்ணம்மாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோலப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

உள்ளேயிருந்து அவர் திரையில் வந்ததைப் படிப்பார். "என்.டி.எல்.டி.ஆர். ஈஸ் மிஸ்ஸிங்."

கண்ணம்மாள் ரிசீவரில் சொல்வார். "யாரோ காணாமப் போயிட்டாங்களாம்டி."

"யாரும்மா?"

"பேரு போடல. இனிஷியல் மட்டுந்தான் இருக்குது."

"இன்ஜினியர் என்ன சொல்றாங்கன்னு கேளு" என்பார் அவர்.

"பிளாப்பி எதாவது உள்ள மாட்டியிருக்குதான்னு கேக்குறா."

"கேக்குறாங்க" என்று திருத்துவார். பெற்ற மகளுக்கு 'ங்க' போட்டுப் பேசும் அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மரியாதையால் ஒருத்தியை எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம் என்பதை அதில்தான் கவனித்தேன்.

(நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்: மகள் குரலைக் கேட்பதற்காக அப்பாவே கம்ப்யூட்டரைக் கெடுக்கிறார். நானும் அப்படித்தான் ஊகித்து ஒரு பிரதி எழுதினேன். கண்ணம்மாளிடம் படித்தும் காட்டினேன். "அவருக்கு அதை ஒழுங்கா நிறுத்தவே தெரியாது சார், கெடுக்க எங்க தெரியப்போவுது" என்றார். அந்தப் பிரதி போயிற்று.)

4

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. கண்ணம்மாள் திட்டக்குடிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் நான்.

"தேதி கேட்டு ஒரு காலண்டர் வந்திருக்குது" என்றார் உள்ளேயிருந்து. சொன்னேன்.

"தடிச்ச எழுத்துல இருக்குற தேதி எதையாவது அழுத்தச் சொல்லுங்க அங்கிள்" என்றாள் மோகனப்பிரியா.

"எல்லாம் இந்த மாசத்துத் தேதியா இருக்குது. இன்னும் பின்னால போகாதான்னு கேளுங்க."

"எவ்ளோ பின்னாலன்னு கேளுங்க அங்கிள்."

"ரெண்டு வருஷம்" என்றார். உடனே, "அப்ப நல்லா ஓடிச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

சொன்னேன்.

"அவ்ளோ தூரம் போகாதுன்னு சொல்லுங்க. போனாலும் நான் இதையேதான் பண்ணுவேன்னும் சொல்லுங்க."

அப்படியே சொல்ல வேண்டும் என்பதுதானே எனக்கு இடப்பட்ட வேலை. அப்படியே சொன்னேன்.

(இந்த இடத்தில் ஒரு மழை வைத்திருந்தேன். அன்றைக்கு மழை இல்லை, நல்ல வெயில்.)

அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கோதண்டபாணி வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"சொல்லுங்க. இனிமே என்ன பண்றது?"

அவள் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது. "போன்ல இதுக்கு மேல முடியாது சார். நேர்ல பாக்கணும்."

"சர்வீசுக்கு வருவீங்களா?"

"கூப்பிட்டா வருவோம் சார்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வாங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்தார். வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான் மோட்டாரைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மாடிக்கு ஏறிவிட்டேன்.

5

மகள் வந்த காட்சியை மிக உருக்கமாக எழுதியிருந்தேன். தாய் ஓடி வருகிறாள், கண்ணீர் பெருகுகிறது, முதலியன. கண்ணம்மாள் படித்துவிட்டு, "நான் எங்க சார் அழுதேன்? அடுப்புல மீன் கொழம்பு இருந்துச்சு. கரண்டியோட வந்து கதவைத் தொறந்தேன்" என்றார். அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்: கரண்டி.

அடுத்த சனிக்கிழமை பகல். மோகனப்பிரியா தோளில் ஒரு பை, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றாள். கோதண்டபாணி கூடத்தில் உட்கார்ந்து ஒரு பீங்கான் வாத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் அந்த ரூம்ல இருக்குது" என்றார் வாத்திடம்.

"தெரியும் சார்."

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று களிமண் தூசி, பூனை ரோமம் மாதிரி படிந்திருந்தது. விசிறி இருக்கிற இடமே தெரியவில்லை.

"அப்பா, இதை இந்த ரூம்லயா வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

அப்பா என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். வாத்து கீழே வைக்கப்பட்டது.

காரணம் அவ்வளவுதான். விசிறி சுற்றாமல் மெஷின் சூடாகும். சூடானால் அணையும். பழைய தேதிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் பாதிக் கோப்புகள் குழம்பும், அடுத்த முறை எழும்போது புதுப் பிழை காட்டும். அதற்கு மறுபடி ரெஸ்டோர். மருந்து கொடுத்துக் கொடுத்தே நோயை வளர்த்திருக்கிறார்கள்.

பெட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து. பொம்மைக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் தெளிக்கும் கம்ப்ரசரால் அவர் காற்றடிக்க, அவள் திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் தூசி கிளம்பி இரண்டு பேருக்கும் தலை, புருவம் எல்லாம் நரைத்துப்போயிற்று. கண்ணம்மாள் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துப் போட்டு, கெட்டுப்போன கோப்புகளைச் சரிசெய்தாள். அது பிசகில்லாமல் எழுந்தது. திரை முழுக்கப் பட்டமளிப்பு அங்கியில் மோகனப்பிரியா.

"அது தானா வந்து உக்காந்துகிச்சு" என்றார் கோதண்டபாணி. "மாத்தத் தெரியல."

"மாத்தித் தரட்டா?"

"வேணாம். எதையாவது தொட்டா மறுபடி கெட்டுடப் போவுது."

6

சாப்பிடக் கூப்பிட்டும் அவள் வரவில்லை. செல்போன் அடித்தது, எடுத்து மெதுவாகப் பேசினாள். மறுபடி அடித்தது.

"யாருடி அது?" என்றார் கண்ணம்மாள்.

"அவருதாம்மா. பஸ் ஸ்டாண்டுல இருக்காரு."

"எதுக்கு அங்க இருக்காரு?"

"அப்பா வாங்கன்னு சொன்னாரு. அது எனக்கு மட்டுமா, ரெண்டு பேருக்குமான்னு தெரியல."

(இதில் மொழியின் தப்பு கொஞ்சம் உண்டு. தமிழில் 'வாங்க' என்றால் மரியாதைக்குரிய ஒருத்தர் என்றும் கொள்ளலாம், இரண்டு பேர் என்றும் கொள்ளலாம். இலக்கண வாத்தியார்கள் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கலாம். திலீபன் காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க நேர்ந்திருக்காது.)

கோதண்டபாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் தூசி அப்படியே.

"சாப்பிட்டாரா?" என்றார். மகளை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"இல்லப்பா."

அவர் எழுந்து, முகத்தைக்கூடக் கழுவாமல், மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

எங்கள் தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்டு. வலது பக்கம் திரும்பினால் அவருடைய சூளை. கோபம் வந்தால் அவர் போய் உட்காரும் இடம் அதுதான்.

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன. இடது பக்கம் திரும்பினார் என்று ஒன்று, அதைப் பெரிய பத்திரிகைகள் போடும். வலது பக்கம் திரும்பினார் என்று ஒன்று, அதைச் சிறு பத்திரிகைகள் போடும். மூன்றாவதில் வண்டி தெருமுனையிலேயே பெட்ரோல் இல்லாமல் நின்று—

வேண்டாம்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வண்டி போன கொஞ்ச நேரத்தில் கண்ணம்மாள் முற்றத்திலிருந்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"சார், உங்க நாற்காலியைக் கொஞ்சம் குடுங்க. எங்க வூட்ல மூணுதான் இருக்குது."

"அவர் எங்க போயிருக்கார்னு தெரியுமாங்க?"

"தெரியாது சார். நாற்காலியைக் குடுங்க."

கொடுத்தேன். பிறகு மொபெட் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இவ்வளவு நாள் ஒட்டுக்கேட்டதே போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்காலி இன்னும் கீழேதான் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நான் கேட்கவில்லை, இதைத் தரையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.