அண்ணன் போட்ட ஜாயின்ட்

நவம்பர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, ரயில்வே மேம்பாலத்தின் இறக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. பின்னால் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி அதன் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. காரில் பல் டாக்டரும் அவருடைய ஆறு வயது மகளும் இருந்தார்கள்.

மறுநாள் காலை அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வொர்க்‌ஷாப் வாசலில் விட்டார்கள். தம்பி கதவைத் திறந்து ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தான். நாற்பத்திரண்டு வயதாகியும் அங்கே எல்லோருக்கும் அவன் தம்பிதான். அண்ணன் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு ஃபியூஸ் எரிந்திருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டதும் இன்ஜின் முதல் திருகலிலேயே எழுந்தது. கூடவே மீட்டரில் இன்ஜின் கோளாறைக் காட்டும் அந்த ஆரஞ்சு விளக்கும் எரிந்தது.

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்பே என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். மாட்டினான். திரையில் கோளாறு எண் வந்தது: நூற்று நாற்பத்தொன்று.

ஆகஸ்டில் வந்ததும் அதுதான், அக்டோபரில் வந்ததும் அதுதான். புகைக்குழாயில் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும். பின்னால் இருப்பதற்குள் அதைச் சூடாக்க ஒரு சின்னக் கம்பி உண்டு. அந்தக் கம்பிக்கு மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது அந்த எண்ணின் அர்த்தம். அதனால் வண்டி நிற்காது. ஆகஸ்டில் அவன் டாக்டரிடம் அப்படித்தான் சொன்னான், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

இப்போது டாக்டர் சிரிக்கவில்லை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

"லைட் எரிஞ்சா எரியட்டும், அதோட நான் பழகிட்டேன். வண்டி நின்னுச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

தம்பி இரண்டு நாள் வேண்டும் என்றான். ஒரு பல்லை மூன்றாவது முறை அடைக்க நேர்ந்தால் அது பல்லின் குற்றமல்ல, அடைத்தவரின் குற்றம் என்று தன் வேலையில் சொல்வார்கள் என டாக்டர் கோபமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

காரை லிஃப்டில் ஏற்றி அடியில் போய் நின்றான். முதல் தடவை சென்சாரை மாட்டும் பிளக்கின் ஊசிகளைத் துடைத்து மாட்டியிருந்தான். இரண்டாம் தடவை எர்த் வயரைப் பிரித்து, தேய்த்து, முறுக்கியிருந்தான். சென்சாரின் கம்பியை அளந்தபோது அளவு துல்லியமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் விளக்கு அணைந்து, சில வாரங்கள் பேசாமல் இருந்து, மறுபடி எரிந்தது. சென்சாருக்கும் பிளக்குக்கும் நடுவே ஓர் இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதை இரண்டு தடவையும் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனான்.

அது அண்ணன் போட்ட ஜாயின்ட். அங்கே கோளாறு இருக்க வழியில்லை.

பிளக் இல்லாமல் நான்கு மொட்டை வயர்களோடு வரும் சென்சாரை வாங்கி, பழைய பிளக்கை வெட்டி எடுத்து அதில் சேர்ப்பது அண்ணனின் கைவேலை. நான்கு வயர்களையும் நான்கு நீளத்தில் வெட்டுவார். ஜாயின்ட்டுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக விழும். ஒன்று இன்னொன்றைத் தொடாது. ஈயம் வைத்துப் பற்றவைக்க விடமாட்டார். இந்த சென்சார் வெளிக்காற்றைத் தன் வயருக்குள் வழியாகத்தான் இழுக்கும், ஈயம் ஊற்றினால் அதன் மூக்கைப் பொத்தின மாதிரி என்பார். சின்ன உலோகக் குழலில் இரண்டு முனைகளையும் நுழைத்து, பிளையரால் ஒரே அழுத்து. அந்த அழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு ஜாயின்ட்டை மூடும் ஸ்லீவ், அதன் மேல் டேப்.

பிளேடால் டேப்பைக் கீறினான். படிக்கட்டு இல்லை. நான்கு ஜாயின்ட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நீளத்தில், ஒரே வெட்டில் வெட்டினது போல இருந்தன. ஸ்லீவ் இல்லை. விரலால் தொட்டதும் ஒரு வயர் குழலிலிருந்து கழன்று வந்தது. அழுத்தவேயில்லை, அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டதைப் போல ஒரு பள்ளம். சூடேற்றும் கம்பியின் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று உரசி, உரசின இடத்தில் செம்பு கறுத்திருந்தது. குண்டும் குழியுமான சாலையில் ஆடி ஆடி அவை தொட்டிருக்கின்றன. தொட்ட கணத்தில் ஃபியூஸ் போயிருக்கிறது. அதே ஃபியூஸிலிருந்துதான் பெட்ரோல் பம்புக்கும் போகிறது. ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றி மாட்டும்போது அவன் கையே வயரை அசைத்து, கழன்றதைச் சேர்த்து வைத்திருக்கிறது. அளவு சரியாக வந்தது அதனால்தான்.

வேறு வொர்க்‌ஷாப்காரன் எவனோ செய்திருப்பான் என்று ஒரு நொடி நினைத்தான். ஆனால் டேப் இடது பக்கமாகச் சுற்றியிருந்தது. நுனியை இரண்டு மடிப்பாக மடித்துச் செருகியிருந்தது. அண்ணன் இடக்கைக்காரர்.

"என்னப்பா, பூதத்தைப் பாத்தவன் மாதிரி நிக்கிற?" என்றார் டிங்கர். பக்கத்துத் தடுப்பில் கதவுகளைத் தட்டி நிமிர்த்துபவர். நசுங்கின கார்களைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர்.

தம்பி கழன்ற வயரைக் காட்டினான். டிங்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

ஏப்ரலில் ஒரு காலையில் அண்ணன் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பேச்சு இல்லை, அங்கிருந்து அவர் உயிரோடு திரும்பவும் இல்லை. தலையில் இருந்த கட்டி ஒரு வருடத்துக்கு மேலாகவே இருந்திருக்கும், கை மரத்துப்போயிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்று மருத்துவர் கேட்டார். அந்தக் கேள்வியை அண்ணி அங்கேயே, எல்லோர் முன்னாலும், தம்பியிடம் திருப்பினாள். அண்ணன் எப்போதும் போலத்தான் இருந்தார் என்று அவன் சொன்னான்.

எப்போதும் போல இல்லை. ஜனவரியில் ஒருநாள் காலையிலிருந்து மதியத்துக்குள் மூன்று தடவை பிளையர் அண்ணன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மூன்றாவது தடவை தம்பிதான் கிண்டல் செய்தான். "என்னண்ணே, எண்ணெய்க் கையா?" அண்ணன் சிரித்தார். குனிந்து எடுத்தார். எந்தக் கையால் எடுத்தார் என்று தம்பி பார்க்கவில்லை. ஏழு மாதமாக அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். டிங்கரின் ஸ்பானர் தரையில் விழும்போதெல்லாம் அந்தக் கிண்டல் வாய்வரை வந்து நிற்கும்.

இந்தக் கார் மட்டும்தான் என்றால் சரிசெய்து அனுப்பிவிடலாம். ஆனால் ஆகஸ்டிலிருந்து வேறு வண்டிகளும் வந்திருக்கின்றன. வக்கீலின் கார், பேக்கரி வேன், இரண்டு வாடகைக் கார்கள். எல்லாவற்றிலும் ஆக்சிஜன் சென்சார் கோளாறு எண்தான். எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு டேப்பைப் பார்த்தான். எண்ணை அழித்தான், அனுப்பினான். அவை இப்போது எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. ஏதோ ஒன்றுக்கு ஏதோ ஒரு இறக்கம், பின்னால் ஏதோ ஒரு லாரி.

டிங்கருக்கு இதில் குழப்பமே இல்லை. வருகிற வண்டியை வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம், போனவரைத் தோண்டி எடுத்துக் கேள்வி கேட்க வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

"அண்ணி காதுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

யோசித்தான். அண்ணி முன்னறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சாவி வாங்குவாள், எந்த வண்டிக்கு என்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதுவாள். அவள் தலைக்கு மேல் அண்ணனின் படம். வாடிக்கையாளர் யார் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் கை பட்ட வண்டி மறுபடி வராது என்பாள். தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். அந்தப் பேச்சுதான் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது என்று தம்பி நம்பினான். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு அண்ணன் செய்த வேலையைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் அந்தப் பேச்சு செத்துப்போகும். சொல்லாவிட்டால் யாராவது சாகலாம்.

அண்ணி சாப்பிட வீட்டுக்குப் போகும் மதிய நேரத்தில் முன்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்தான். போன வருடத்திலிருந்து எழுதின ஜாப் கார்டுகள் மாதவாரியாகக் கட்டி அடுக்கியிருந்தன. சென்சார் மாற்றின வண்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டால், ஏதாவது சாக்குச் சொல்லி ஒவ்வொன்றாக வரவழைக்கலாம். எந்த மாதத்திலிருந்து பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. பிப்ரவரி கட்டைப் பிரித்தான். டிசம்பரைப் பிரித்தான். அக்டோபரைப் பிரித்தான். அப்புறம் ஜூனையும் பிரித்தான். ஜூன் மாதக் கார்டுகளில் அண்ணனின் எழுத்து, இடது பக்கம் சாய்ந்து, ஓரத்தில் எண்ணெய் விரல் பட்டு. அக்டோபரில் அண்ணியின் உருண்டை எழுத்து. அடியில் மட்டும் அண்ணனின் கையெழுத்து. அது டிசம்பரில் பாதியாகி, பிப்ரவரியில் வெறும் கோடாகியிருந்தது. ஆபீஸ் வேலையை அண்ணி எடுத்துக்கொண்டாள் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். அவனும் நினைத்தான்.

"செப்டம்பர் மூணாந்தேதில இருந்து எடுங்க, தம்பி."

அண்ணி வாசலில் நின்றிருந்தாள். கையில் பல் டாக்டரின் கார் சாவி; லிஃப்டில் கீறிக் கிடந்த ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்காராமல் வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் மூன்றாம் தேதிதான் அவர் முதன்முதலில் பேனாவை அவள் கையில் கொடுத்தாராம். விரல் பிடிக்க மாட்டேன் என்கிறது, வயசாகிறது, தம்பியிடம் சொல்லாதே, பயந்துபோவான் என்றாராம். டாக்டரிடம் போகலாம் என்று அவள் நான்கு தடவை சொன்னாள். ஐந்தாம் தடவை அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டதும் எல்லோரும் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று பட்டது. அதனால் முந்திக்கொண்டு தம்பியைக் கேட்டாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை.

"எழுதத்தான் முடியலன்னார். வேலை செய்ய முடியுதுன்னார். பேனா பிடிக்க முடியாத கை பிளையரை எப்படிப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கேக்கல."

"நான் பக்கத்துலயே நின்னேன் அண்ணி."

"நின்னீங்க."

பெஞ்சிலேயே இருவரும் கார்டுகளைப் பிரித்தார்கள். செப்டம்பர் மூன்றிலிருந்து ஏப்ரல் வரை இருபத்துமூன்று வண்டிகள் தேறின.

இலவசமாக ஒரு சோதனை செய்கிறோம் என்று சொல்லிக் கூப்பிடலாம் என்றான் தம்பி. அண்ணி போனை எடுத்து முதலில் வக்கீலுக்குப் போட்டாள்.

"என் வீட்டுக்காரர் செஞ்ச வேலையில தப்பு இருக்கலாம். அப்ப அவருக்குக் கை சரியில்ல, எங்களுக்குத் தெரியும். வண்டியை ஓட்டாதீங்க, நாங்க வந்து எடுத்துக்கறோம்."

பேசி முடித்துப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள். பிறகு அடுத்த எண்ணைக் கேட்டாள்.

வண்டிகள் வரத் தொடங்கின. தேதி வரிசைப்படி வந்திருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவை கலைந்து வந்தன. காலையில் மார்ச் மாத ஜாயின்ட், மதியம் செப்டம்பர், மறுநாள் ஜனவரி. டேப்பைக் கீறும்போதெல்லாம் அண்ணனின் கை எந்த நாளில் நிற்கிறது என்று தெரிந்தது. செப்டம்பரில் படிக்கட்டு இருந்தது, அழுத்து கொஞ்சம் தளர்ந்திருந்தது. நவம்பரில் படிக்கட்டு இரண்டு படியானது. பிப்ரவரியில் படியே இல்லை. முந்தின நாள் மாலை முற்றிப்போயிருந்த நோய் மறுநாள் காலையில் பாதியாகக் குறைந்திருக்கும். மதியம் மறுபடி முற்றும். ஒரு வாரம் அவன் அண்ணனோடு முன்னும் பின்னுமாக நடந்தான்.

பேக்கரி வேனுடையது மார்ச் பதினெட்டு. அண்ணன் விழுவதற்கு மூன்று வாரம் முன்பு. அதைக் கீறினபோது நான்கு ஜாயின்ட்டும் நான்கு இடத்தில் இருந்தன, கல்லைப் போல இறுகியிருந்தன. இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். குழல்களின் மேல் பிளையரின் தடம் இல்லை. சதுரம் சதுரமாகப் பல் வரிசை பதிந்திருந்தது. வேலை மேஜையில் பூட்டியிருக்கும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் பல். கையால் அழுத்த முடியாமல், ஒவ்வொரு குழலையும் வைஸில் வைத்து, மற்றக் கையால் பிடியைத் திருகி நசுக்கியிருக்கிறார். அந்த வைஸ் தம்பி நிற்கும் இடத்திலிருந்து நான்கடி தூரத்தில் இருக்கிறது. அந்த வேனின் கோளாறு இந்த ஜாயின்ட்டால் வந்ததல்ல; பிளக்கில் தண்ணீர் இறங்கியிருந்தது.

டிங்கர் வந்து எட்டிப் பார்த்தார். இதை விட்டுவிடலாமே, நல்லாத்தானே இருக்கு என்றார். தம்பி அதையும் வெட்டினான். நான்கு வயர்களையும் நான்கு நீளத்தில் நறுக்கி, புதுக் குழல் போட்டு அழுத்தினான். வெட்டி எடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பல் டாக்டரின் கார் நவம்பர் பதினான்காம் தேதி போனது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் விளக்கு எரியவில்லை என்று டிசம்பரில் அவர் சொல்லியனுப்பினார்.

இருபத்துமூன்று வண்டிகளில் இருபத்திரண்டு வந்தன. பதினான்கில் ஜாயின்ட் தளர்ந்திருந்தது. வராத ஒன்று சாம்பல் நிறக் கார், ஜாப் கார்டில் பிப்ரவரி ஆறு என்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் மே மாதம் அதை விற்றுவிட்டார். வாங்கியவரும் விற்றுவிட்டார். இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை.